தண்ணி திரும்ப வரும்... ஆனா யாருக்கு?

நீர்ச்சுழற்சி படம் ஞாபகம் இருக்கா மக்களே? நம்ம காலத்து அறிவியல் புத்தகத்துல கறுப்பு வெள்ளையில இருந்தது. இப்ப பளபளன்னு கலர்ல இருக்கு. மத்தபடி படம் அதே படம்தான். ஒரு பக்கம் கடல். மேல சிரிச்ச முகத்தோட சூரியன். கடல்ல இருந்து நெளிஞ்சு நெளிஞ்சு மேல போற அம்புக்குறி. ஒரு மேகம். இந்தப் பக்கம் மலை, மலை மேல மழை. அங்கிருந்து ஒரு ஆறு இறங்கி வந்து மறுபடியும் கடல்ல விழும். ஆவியாதல், ஆவி சுருங்குதல், மழைப்பொழிவு. படம் வரைந்து பாகம் குறி. முழு மார்க். முடிஞ்சது கதை.

எங்க அக்கா மக நாலாங்கிளாஸ். இந்தப் படத்தை வரைஞ்சு முடிச்சுட்டு ரெண்டு கேள்வி கேட்டா.

முதல் கேள்வி: "மாமா, ஆறு எல்லாம் கடலுக்குப் போகும்னு போட்டிருக்கே, நம்ம வைகை எந்தக் கடலுக்குப் போகுது?"

ரெண்டாவது கேள்விதான் வில்லங்கம்: "தண்ணி சுத்திச் சுத்தி திரும்ப வந்துரும்னா, அம்மா எதுக்கு பைப்பை மூடு மூடுன்னு கத்துது? எவ்வளவு கொட்டுனாலும் மழையா வந்துரும்ல?"

யோசிச்சுப் பாருங்க, தர்க்கப்படி பிள்ளை சொல்றது சரிதான். 'தண்ணீர் அழிவதில்லை'ன்னு ஒரு பாடம். 'தண்ணீரைச் சேமிப்போம்'னு அடுத்த பாடம். ரெண்டையும் சேர்த்துப் படிக்கிற குழந்தைக்கு சந்தேகம் வரணும். வரலேன்னாதான் தப்பு. "பெரியவங்க சொன்னா கேட்டுக்கணும்"னு சொல்லி முடிச்சிடலாம். ஆனா மதுரையில, காலங்காத்தால குடத்தோட லாரிக்குக் காத்து நிக்கிற தெரு இருக்கிற ஊர்ல, இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் இல்லேன்னா அந்தப் படத்துக்கே அர்த்தம் இல்லைன்னு தோணுச்சு. அதனால ஒரு பத்து நாள், லீவு நேரத்துல, ரெண்டு பேரும் உக்காந்து மொதல்ல இருந்து ஆரம்பிச்சோம். வீட்டுல வாண்டுகள் வெச்சிருக்கிற நண்பர்களுக்கு உதவும்னு இங்க எழுதி வைக்கிறேன்.

காத்து சும்மா இல்லை

தண்ணியைப் பத்திப் பேசணும்னா காத்துல இருந்துதான் ஆரம்பிக்கணும். ஏன்னா தண்ணிக்கு வண்டி வாகனம் எல்லாமே காத்துதான்.

ஒரு எவர்சில்வர் டம்ளர் எடுத்துக்கோங்க. அடியில ஒரு பேப்பரைக் கசக்கி நல்லா அமுக்கி வைங்க. டம்ளரைத் தலைகீழா, சாய்க்காம நேரா, வாளித் தண்ணிக்குள்ள முக்குங்க. அப்படியே நேரா வெளியே எடுங்க. பேப்பர் நனைஞ்சிருக்காது. "காலி டம்ளர்"னு நாம சொல்றோமே, அது காலியே இல்லை. உள்ள காத்து உக்காந்து இடம் பிடிச்சிருக்கு, தண்ணியை உள்ள விடலை. அடுத்து டம்ளரைக் கொஞ்சம் சாய்ச்சீங்கன்னா 'புளுக்'னு குமிழி வரும். காத்து வெளிய, தண்ணி உள்ள. பிள்ளைங்க இதை இருபது தடவை செய்யும், நாம பொறுத்துக்கணும்.

ரெண்டாவது, அந்தக் காத்துக்குள்ள தண்ணி இருக்கு. இதுக்கு மதுரைக்காரனுக்கு ஆண்டவன் கொடுத்த ஆய்வுக்கூடம் ஜிகர்தண்டா கடை. கண்ணாடி டம்ளர்ல ஜில்லுனு வாங்குங்க. ரெண்டு நிமிஷத்துல டம்ளருக்கு வெளிப்பக்கம் முத்து முத்தா வேர்க்கும். எங்கிருந்து வந்துச்சுன்னு கேளுங்க. நூத்துக்குத் தொண்ணூறு பிள்ளைங்க "உள்ள இருந்து கசிஞ்சிருக்கு"ம்பாங்க. இப்ப அந்தத் துளியை விரல்ல தொட்டு நாக்குல வைக்கச் சொல்லுங்க. இனிப்பு இல்லை, கலரும் இல்லை. உள்ள இருந்து கசிஞ்சிருந்தா பாலும் நன்னாரியும் கலந்துல்ல வந்திருக்கணும்? ஆக, அது காத்துல இருந்த தண்ணி. கண்ணுக்குத் தெரியாம ஆவியா சுத்திக்கிட்டு இருந்தது, ஜில்லுனு ஒரு இடம் கிடைச்சதும் சுருங்கித் துளியாயிருச்சு. பாடத்துல வர்ற 'ஆவி சுருங்குதல்' இதுதான். மேகமும் இப்படித்தான். மேல போகப் போகக் குளிரும். டம்ளருக்குப் பதிலா அங்க தூசியும் கடல் உப்புத் துகளும் இருக்கு, அதைப் பிடிச்சுக்கிட்டு ஆவி துளியாகுது.

காத்துல எவ்வளவு தண்ணி இருக்கும்? கொஞ்சம் புழுக்கமான நாள்ல, பத்துக்குப் பத்து ரூம்ல இருக்கிற காத்துல மட்டும் கிட்டத்தட்ட அரை லிட்டர் தண்ணி ஆவியா மிதக்குது. இதைச் சொன்னதும் பிள்ளை ரூமைச் சுத்தி ஒரு பார்வை பார்த்துச்சு பாருங்க, யாரோ ஒளிஞ்சிருக்கிற மாதிரி :-)

மூணாவது, தண்ணி ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கிட்டுப் போகும். ஒரு கிராம் தண்ணி ஆவியாக சுமார் 580 கலோரி வெப்பம் வேணும். அதை எங்கிருந்து எடுக்கும்? பக்கத்துல இருக்கிறதுகிட்ட இருந்துதான். மண்பானையில கசியுற ஒரு கிராம் தண்ணி, உள்ள இருக்கிற 58 கிராம் தண்ணியோட சூட்டை 10 டிகிரி குறைக்க முடியும். கணக்கு அவ்வளவுதான், கரண்ட் பில் கிடையாது. சித்திரைத் திருவிழாவுல ஆட்டுத்தோல் பையில தண்ணி நிரப்பி அழகர் மேல பீய்ச்சுவாங்களே, கூட்டத்துல நிக்கிற நம்ம மேலயும் விழும். தண்ணி வெயில்ல வெதுவெதுன்னுதான் இருக்கும், ஆனா மேல பட்டுக் காத்து அடிச்சதும் உடம்பு சிலிர்க்கும். அதுவும் ஆவியாதல்தான். மதுரைக் காத்து வறண்ட காத்துங்கிறதால நம்ம பானைத் தண்ணி நல்லாவே குளிரும். கடற்கரை ஊர்ல காத்து ஏற்கெனவே ஈரத்தைக் குடிச்சு வயிறு முட்ட இருக்கும், அங்க பானைக்கு அவ்வளவு மவுசு இல்லை.

ஒரு குடத்துல உலகம்

அடுத்த நாள் ஒரு பிளாஸ்டிக் குடம், 15 லிட்டர். "உலகத்துல இருக்கிற தண்ணி மொத்தமும் இந்தக் குடம்னு வெச்சுக்க"ன்னு ஆரம்பிச்சோம்.

அதுல உப்பில்லாத தண்ணி எவ்வளவு? ரெண்டரை சதவீதம். அதாவது 375 மில்லி. ஒரு பெரிய டம்ளர், ஒரு சின்ன டம்ளர். மீதி 14 லிட்டருக்கு மேல அப்படியே உப்புத் தண்ணி.

அந்த 375 மில்லியில 260 மில்லி போல துருவத்துலயும் பனிமலையிலயும் உறைஞ்சு கிடக்கு. அதைத் தனியா எடுத்து வைங்க. 110 மில்லி போல நிலத்தடி நீர். அதுலயும் பாதிக்கு மேல எட்டாத ஆழத்துல. உலகத்து நன்னீர் ஏரிகள் எல்லாம் சேர்த்து ஒரு மில்லி. அதாவது இருபது சொட்டு.

ஆறுகள்? கங்கை, காவிரி, அமேசான், நைல் எல்லாத்தையும் கூட்டுங்க. அரைச் சொட்டு! 

வானத்துல ஆவியா, மேகமா இருக்கிறது மூணு சொட்டு. உலகத்து ஆறுகள்ல எந்த நேரத்துலயும் ஓடுற தண்ணியை விட தலைக்கு மேல மிதக்கிறது ஆறு மடங்கு.

இங்கதான் விஷயமே இருக்கு. அந்த மூணு சொட்டு அங்கேயே நிக்கிறது இல்லை. ஒரு தண்ணி மூலக்கூறு ஆவியா வானத்துல தங்குறது சராசரியா 9 நாள்தான். அப்புறம் மழையா விழுந்துடும், அதோட இடத்துக்கு வேற ஏறிடும். வருஷத்துக்கு நாப்பது தடவை அந்த மூணு சொட்டு காலியாகி காலியாகி நிரம்புது. உலகத்து மழை மொத்தமும் இந்த மூணு சொட்டோட ஓட்டம்தான். ஆனா கடலுக்குள்ள போன தண்ணி சராசரியா மூவாயிரம் வருஷம் போல அங்கேயே கிடக்கும். ஆழமான நிலத்தடித் தண்ணிக்கும் ஆயிரக்கணக்குல வருஷம் ஆகலாம்.

ஆக 'சுழற்சி'ன்னு ஒரே வட்டமா வரைஞ்சாலும், உள்ள ஓடுறது ஒரே வேகம் இல்லை. ஒரு இடத்துல டவுன் பஸ், இன்னொரு இடத்துல தேர். திரும்ப வரும்கிறது உண்மை. எப்ப வரும்கிறதுதான் கேள்வி. கீழ்வீட்டு போர்வெல் முந்நூறு அடி, நானூறு அடின்னு இறங்கி எடுக்கிற தண்ணியை, அடுத்த ஐப்பசி மழை வந்து நிரப்பிடும்னு நம்பக்கூடாது.

நம்ம குழாயில ரெண்டு கடல்

சரி, நம்ம ஊருக்கு மழை எங்கிருந்து வருது? பாடப் புத்தகத்துல கடல் ஒண்ணுதான். மதுரைக்கு ரெண்டு.

ஜூன்ல தென்மேற்குப் பருவக்காத்து அரபிக்கடல்ல இருந்து ஈரத்தை அள்ளிக்கிட்டு வருது. நடுவுல மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நிக்குது. காத்து ஏறும், ஏறக் குளிரும், குளிர மழையா கொட்டும். மூணாறும் தேக்கடியும் நனைஞ்சு ஊறும். மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது காத்து கிட்டத்தட்ட காலிக் கையோட வருது. கம்பம், தேனிப் பக்கம் அந்த மாசங்கள்ல காத்து மட்டும் ஆளைத் தூக்குற மாதிரி அடிக்கும், தண்ணி சாரலோட சரி. மழை மறைவுப் பிரதேசம்னு இதுக்குத்தான் பேர். மதுரைக்கு வருஷத்துக்கு சராசரியா 85 சென்டிமீட்டர் போல மழை. அதுல பெரிய பங்கு அக்டோபருக்கு மேல வங்காள விரிகுடாவுல இருந்து வடகிழக்குப் பருவமழையா வர்றது.

அப்ப அரபிக்கடல் தண்ணி நமக்குக் கிடையாதா? கிடைக்குது. அதுக்குக் காரணம் இயற்கை இல்லை, ஒரு சுரங்கம்.

1876-78 தாது வருஷப் பஞ்சத்துல இந்தச் சீமையே சுருண்டுச்சு. மலைக்கு அந்தப் பக்கம் பெரியாறு தன் பாட்டுக்கு மேற்கே ஓடி அரபிக்கடல்ல விழுந்துக்கிட்டு இருந்தது. இந்தப் பக்கம் வைகை காய்ஞ்சு கிடந்தது. பெரியாத்தைத் தடுத்து, மலையைக் குடைஞ்சு, தண்ணியைக் கிழக்கே திருப்பலாம்ங்கிற யோசனை ரொம்ப காலமா பேச்சா இருந்தது. 1887-ல வேலை ஆரம்பிச்சு, காட்டுலயும் வெள்ளத்துலயும் காய்ச்சல்லயும் எத்தனையோ உசிரைக் கொடுத்து, 1895-ல ஜான் பென்னிகுவிக் முல்லைப்பெரியாறு அணையை முடிச்சார். ஒரு மைலுக்கும் கொஞ்சம் அதிக நீளமான சுரங்கம் வழியா தண்ணி மலையைத் தாண்டி கம்பம் பள்ளத்தாக்குல இறங்கி வைகையில சேருது. தேனிப் பக்கம் வீடுகள்ல பென்னிகுவிக் படம் மாட்டியிருப்பாங்க, பிள்ளைகளுக்கு அவர் பேரை வெச்சிருப்பாங்க. ஏன்னு வெளியூர் நண்பர்கள் கேட்டா இதுதான் காரணம்.

எங்க அக்கா மகளோட படத்துல இப்ப மலைக்கு நடுவுல ஒரு ஓட்டை இருக்கு. பக்கத்துல 'பென்னிகுவிக் போட்டது'ன்னு பாகம் குறிச்சிருக்கா. டீச்சர் மார்க் போடுவாங்களான்னு தெரியாது, ஆனா நம்ம ஊர் நீர்ச்சுழற்சிக்கு அதுதான் சரியான படம். கேரளாக்காரங்களுக்கு அதே அணை பத்தி இருக்கிற பயமும், நமக்கு இருக்கிற தேவையும், உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 2014-ல 142 அடி வரை தேக்கலாம்னு தீர்ப்பு வந்ததும் தனிக் கதை. நாலாங்கிளாசுக்கு ஒண்ணு மட்டும் போதும். ஒரு மேகம் எந்தப் பக்கம் இறங்குதுங்கிறதை மலை முடிவு பண்ணுது. இறங்கின தண்ணி எந்தப் பக்கம் போகுதுங்கிறதை சில நேரம் மனுஷன் முடிவு பண்றான்.

வைகை எந்தக் கடலுக்குப் போகுது?

முதல் கேள்விக்கு வர்றேன். வைகை வருசநாட்டு மலைப்பக்கம் பிறந்து, 258 கிலோமீட்டர் ஓடி, ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குப் போய்ச் சேருது. வெள்ளம் வர்ற வருஷங்கள்ல மிச்சத் தண்ணி அழகன்குளம், ஆற்றங்கரைப் பக்கம் பாக் நீரிணையில கலக்கும். மத்தபடி கடலைத் தொடாத ஆறுன்னே இதுக்குப் பேர். பாற்கடல் சிவபெருமானுக்கு நஞ்சு கொடுத்துச்சு, அதனால சிவன் ஊர் ஆறான வைகை அந்தக் கடலோட சேர மாட்டேங்குதுன்னு பழைய தனிப்பாட்டு ஒண்ணு காரணம் சொல்லும். புலவர் குசும்பு :-)

உண்மைக் காரணம் கண்மாய்கள். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் சீமை முழுக்க ஆத்துல இருந்து கால் வெட்டி கால் வெட்டி ஆயிரக்கணக்குல கண்மாய் கட்டி வெச்சிருக்காங்க நம்ம ஆளுங்க. ஒண்ணு நிரம்பினா கலுங்கு வழியா மறுகால் பாய்ஞ்சு அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிரம்பினா அடுத்தது. சங்கிலி மாதிரி. மடையைத் திறந்து வயலுக்கு முறை வெச்சுத் தண்ணி விட 'நீர்க்கட்டி'ன்னு ஊருக்கு ஊர் ஆள் உண்டு. குடிக்க ஊருணி தனி. ஆறு கடலுக்குப் போறதுக்குள்ள கடைசிச் சொட்டு வரைக்கும் வாங்கி வெச்சுக்கிட்டா, அப்புறம் கடலுக்கு என்ன மிச்சம் இருக்கும்?

பாடப் புத்தகப் படத்துல இல்லாத பாகம் இதுதான். மலைக்கும் கடலுக்கும் நடுவுல ஒரு நூறு கண்மாய். அவசரமா ஓடுற தண்ணியை "கொஞ்சம் இருந்துட்டுப் போப்பா"ன்னு உக்கார வைக்கிற ஏற்பாடு. அது உக்கார்ந்த இடத்துல மண்ணுக்குள்ள இறங்கும், சுத்துப்பட்டு கிணறெல்லாம் ஊறும். மதுரைக்குத் தென்கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டர்ல கீழடியில 2014-15-ல தோண்ட ஆரம்பிச்சாங்களே, அங்க கிடைச்சதுல சுடுமண் உறைகிணறுகளும் உண்டு. ஆத்தங்கரையிலேயே இருந்தும் கிணறு வெட்டியிருக்கான் பாருங்க. ஆத்துத் தண்ணி வரும் போகும், மண்ணுக்குள்ள இருக்கிறது நிக்கும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு.

பிட்டுக்கு மண் சுமந்த கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். வைகையில வெள்ளம், கரை உடையுது, வீட்டுக்கு ஒரு ஆள் வந்து கரையை அடைக்கணும்னு பாண்டியன் உத்தரவு. வந்திக் கிழவிக்கு ஆள் இல்லாம சிவனே கூடையோட வந்தாராம். கதையில இருந்து கடவுளை எடுத்துட்டுப் பார்த்தாலும் ஒரு விஷயம் நிக்கும். கரையைக் காப்பாத்துறது வீட்டுக்கு ஒரு ஆள் வேலை, கிழவி ஆனாலும் விலக்கு கிடையாது. அதுக்குப் பேர்தான் குடிமராமத்து. 2017-ல தமிழ்நாடு அரசு அதே பேர்ல ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு.

தெர்மாகோல் பாடம்

இதைத் தொடாம மதுரையில ஆவியாதல் பாடம் நடத்த முடியுமா? :-)

2017 ஏப்ரல் 21. வைகை அணையில தண்ணி ரொம்பக் கம்மி. வெயில்ல ஆவியாகிறதைத் தடுக்க அமைச்சர் செல்லூர் ராஜு தலைமையில தெர்மாகோல் அட்டைகளை டேப் போட்டு ஒட்டி தண்ணி மேல மிதக்க விட்டாங்க. காத்து அடிச்சுது. கொஞ்ச நேரத்துல அட்டையெல்லாம் கரையில. அன்னைக்கு ஆரம்பிச்ச மீம்ஸ் இன்னைக்கும் ஓயலை.

சிரிச்சது போதும், கொஞ்சம் யோசிப்போம். தண்ணியை மூடி வெச்சா ஆவியாகிறது குறையுமா? குறையும். அது பைத்தியக்காரத்தனம் இல்லை. 2015 ஆகஸ்டுல அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சலஸ் நீர்த்தேக்கத்துல 9 கோடியே 60 லட்சம் கறுப்பு பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டி தண்ணியை மூடினாங்க. வெயில் பட்டு தண்ணியில ரசாயன மாற்றம் வராம இருக்கணும்ங்கிறது முதல் நோக்கம். ஆவியாகிறதைக் குறைக்கிறது அதோட சேர்ந்த லாபம். அந்தப் பந்து ஒவ்வொண்ணுக்கும் உள்ள கொஞ்சம் தண்ணி ஊத்தி கனமாக்கியிருந்தாங்க. எதுக்கு? காத்து தூக்கிட்டுப் போகாம இருக்க! நம்ம ஆளுங்க தண்ணியைக் கணக்குல எடுத்தாங்க, காத்தைக் கணக்குல எடுக்கலை. டம்ளரும் பேப்பரும் வெச்சுச் சொன்னேனே, காத்து சும்மா இல்லைன்னு.

இன்னொண்ணு, சைஸ். நகரத்துக்குள்ள இருக்கிற ஒரு நீர்த்தேக்கம் வேற, 71 அடி உயரத்துக்குத் தண்ணி தேக்கி, சதுர கிலோமீட்டர் கணக்குல விரிஞ்சு கிடக்கிற வைகை அணை வேற. அதை மூட எத்தனை அட்டை வேணும்னு ஒரு அஞ்சாங்கிளாஸ் பையனே பெருக்கிப் பார்த்திருப்பான்.

அப்ப ஆவியாகிறதைத் தடுக்க வழியே இல்லையா? மொட்டைமாடியில நாங்க செஞ்சு பார்த்தது இது. அரை லிட்டர் தண்ணி ஒரு தாம்பாளத்துல, அரை லிட்டர் ஒரு சொம்புல. ரெண்டையும் மே மாச வெயில்ல வெச்சோம். சாயந்திரம் தாம்பாளம் காய்ஞ்சு போச்சு. சொம்புல குறைஞ்சதே விரலை விட்டுப் பார்த்தாதான் தெரிஞ்சது. அதே தண்ணி, அதே வெயில். வாய் அகலமா இருந்தா வானத்துக்குத் தானம் அதிகம், அவ்வளவுதான்.

இப்ப தூர் வாராத கண்மாயை நினைச்சுப் பாருங்க. வண்டல் சேர்ந்து சேர்ந்து ஆழம் போயி, சொம்பா இருந்தது தாம்பாளமா ஆயிடுச்சு. தூர் வாருறதுன்னா தாம்பாளத்தை மறுபடி சொம்பாக்குறது. அதை விட நல்ல மூடி ஒண்ணு இருக்கு, அது மண்ணு. நிலத்துக்குள்ள இறங்கிட்ட தண்ணியை சூரியன் லேசுல தொட முடியாது. தெர்மாகோலே வேண்டாம்.

கொட்டுச்சு, போச்சு

2024 அக்டோபர் 25-ம் தேதி மதுரையில ஒரே நாள்ல கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர் மழை. செல்லூர் கண்மாய் நிரம்பி, பந்தல்குடி கால்வாய் பொங்கி, வீடுகளுக்குள்ள தண்ணி. வண்டியெல்லாம் மிதந்துச்சு. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி ஒண்ணுல மட்டும் அன்னைக்கு 9,000 லிட்டருக்கு மேல விழுந்திருக்கும். ஒரு தண்ணி லாரி! வருஷ சராசரி 85 சென்டிமீட்டரும் அந்த மாடியில விழுந்தா சுமார் 79,000 லிட்டர். 2003-லயே தமிழ்நாட்டுல எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கினாங்க. அன்னைக்குப் போட்ட பைப் எத்தனை வீட்டுல இன்னைக்கும் தொட்டிக்குப் போகுது, எத்தனை வீட்டுல சாக்கடைக்குப் போகுதுன்னு அவங்கவங்க மாடிக்கு ஏறிப் பார்த்துக்கணும்.

தல்லாகுளம், பீ.பீ.குளம், ஆத்திகுளம், சொக்கிகுளம், கோசாகுளம், உலகனேரி... மதுரைக்காரங்க இந்தப் பேரை எல்லாம் தினமும் பத்துத் தடவை சொல்றோம், ஷேர் ஆட்டோவுல ஏறும்போது. குளம், குளம், குளம், ஏரி. ஊரோட பேர்ல தண்ணி இருக்கு, ஊர்ல இல்லை. மழை மட்டும் பழைய முகவரியை மறக்கலை. வந்து கதவைத் தட்டுது, நாம வெள்ளம்ங்கிறோம்.

ஆக, அந்த ரெண்டாவது கேள்விக்கு நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிச்ச பதில் இதுதான்.

தண்ணி திரும்ப வரும், சத்தியமா வரும். ஆனா இங்கேயேதான் வரும்னு கிடையாது. மதுரையில ஆவியானது எந்த நாட்டு மலையில இறங்குமோ, காத்துக்குத்தான் தெரியும். உடனே வரும்னும் கிடையாது. ஒன்பது நாள்லயும் வரலாம், மூவாயிரம் வருஷமும் ஆகலாம். வந்தாலும் நிக்கும்னு கிடையாது. நிக்க இடம் வெச்சிருந்தா நிக்கும், இல்லேன்னா ஒரு சாயந்திரம் வீட்டுக்குள்ள வந்துட்டுப் போயிடும். அப்புறம், ஆவியாகும்போது சூரியன் அழுக்கைக் கழிச்சு சுத்தமாத்தான் கொண்டு போகுது. ஆனா நாம ஆத்துல விட்ட சாக்கடை தண்ணியோட சேர்ந்து மேல போறதில்லை. அது இங்கேயேதான் தங்கும். பைப்பைத் திறந்து விட்டா உலகத்துக்கு ஒரு சொட்டும் நஷ்டம் இல்லை. நஷ்டம் நமக்கு மட்டும்தான். குழாய்ல இருந்தது பெரியாத்துல இருந்து மலையைக் குடைஞ்சு வந்த தண்ணி, சாக்கடையில போறது யாருக்கும் ஆகாத தண்ணி.

ஒரேயடியா புலம்பவும் வேண்டாம். திருமலை நாயக்கர் காலத்து வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் பல வருஷம் காய்ஞ்சு கிடந்தது. உள்ள இறங்கி கிரிக்கெட் ஆடின தலைமுறை நாம. சமீப வருஷங்கள்ல பனையூர் கால்வாயைச் சரி பண்ணி வைகைத் தண்ணியை உள்ள விட்டாங்க, குளம் நிரம்புச்சு. அதிசயம் எதுவும் நடக்கலை. வாய்க்காலை அடைச்சிருந்தது எடுத்தாங்க, தண்ணி தனக்குத் தெரிஞ்ச வழியில வந்துச்சு.

பிள்ளைகளோட செய்ய கடைசியா ஒண்ணு, செலவே இல்லாதது. ஒரு பிளாஸ்டிக் கவரை வேப்பமரத்துக் கொப்புல இலையோட சேர்த்து மூடி, வாயைக் கட்டி, வெயில்ல விட்டுட்டு வாங்க. மத்தியானம் போய்ப் பார்த்தா கவருக்குள்ள தண்ணி கோர்த்திருக்கும். மரம் வேர் வழியா குடிச்சு இலை வழியா விட்டது. நீராவிப்போக்குன்னு புத்தகத்துல வார்த்தையா இருக்கிறதை கையில பிடிச்சுப் பார்க்கலாம். பார்த்து முடிச்சதும் கவரை அவுத்து விட்டுருங்க, பாவம் இலை வெந்துடும்.

உங்க ஊர் ஆறு எங்க போய் முடியுது, உங்க தெரு பேர்ல எந்தக் குளம் ஒளிஞ்சிருக்குன்னு நேரம் இருந்தா சொல்லுங்க மக்களே. ஒரு படம் வரைய ஆரம்பிச்சிருக்கோம், பாகம் குறிக்க ஆள் வேணும்.